அச்சமும் அறமும்

மனிதன் இருளுக்கு அஞ்சுகிறான். ஆயினும் இருளைப் பற்றிய கதை என்றால் செவிசாய்த்து அமர்ந்துவிடுகிறான். பேய் இல்லை என்று பகலெல்லாம் வாதிட்டவனும் இரவில் பேய்ப்படம் பார்க்கக் காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்குகிறான். பசியை விலை கொடுத்து வாங்குவார் இல்லை. நோயை விருந்துக்கு அழைப்பார் இல்லை. அச்சத்தை மட்டும், அது துன்பம் தருவது என்று அறிந்தும், மனிதன் பொருள் கொடுத்துப் பெறுகிறான். இவ்விந்தையின் உட்பொருள் என்ன? ஒருவனுக்கு அச்சம் ஊட்டும் உரிமை இன்னொருவனுக்கு எவ்வாறு வந்தது? அவ்வுரிமைக்கு எல்லை உண்டா?

இவ்வினாக்களுக்கு விடை தேடிப் பெரிய மெய்யியல் நூல்களிடம்தான் செல்ல வேண்டும் என்பதில்லை. பள்ளி விடுமுறையில் பேய்ப்படம் எடுக்கப் புறப்படும் மாணவர் குழுவிடமும் செல்லலாம். படம் எடுப்பது முன்பு பெரும்பொருள் படைத்தோர்க்கே இயன்றதாக இருந்தது. இன்று ஒரு கைப்பேசியும் அதைத் தாங்க ஒரு முக்காலியும் இருந்தால் மாணவரும் படம் எடுத்துவிடலாம். அவ்வாறு எடுக்க முனைவோர் பலர் முதலில் நாடுவது பேய்க்கதையையே. காரணம் வெளிப்படை. அரசர் கதைக்கு அரண்மனை வேண்டும். காதல் கதைக்கு இரு வீட்டாரின் இசைவு வேண்டும். பேய்க்கதைக்கோ ஆளற்ற ஒரு வீடும் அரைகுறையாய் எரியும் ஒரு விளக்கும் போதும்.

அத்தகைய குழு ஒன்றை மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறிய பின் குடியிருப்போர் இன்றிப் பாழ்பட்டுக் கிடக்கும் லயத்து வீடு அவர்களுக்குப் படப்பிடிப்பு நிலையம். இயக்குநன் ஐந்தாம் படிவ மாணவன். நடிப்போருள் ஒருவன் ஒன்பது வயதுச் சிறுவன், இயக்குநனுக்கே தம்பி. கதைப்படி அச்சிறுவன் அலமாரியைத் திறக்க வேண்டும். உள்ளே இருப்பதைக் கண்டு அலறி ஓட வேண்டும். மூன்று முறை எடுத்தும் காட்சி அமையவில்லை. சிறுவன் ஒவ்வொரு முறையும் சிரித்துவிடுகிறான். நான்காம் முறை, அவனிடம் ஒன்றும் கூறாமல், முகத்தில் கரி பூசிய ஒருவனை அலமாரிக்குள் ஒளித்து வைக்கின்றனர். சிறுவன் கதவைத் திறக்கிறான். அலறல் உண்மையாக எழுகிறது. கண்ணீர் உண்மையாக வழிகிறது. கருவி அனைத்தையும் பதிந்துகொள்கிறது. அன்றைய நாளில் அதனினும் சிறந்த காட்சி வேறில்லை. குழுவினர் கைதட்டுகின்றனர். சிறுவனோ அண்ணனின் முகத்தைப் பார்க்க மறுக்கிறான்.

அக்காட்சியைப் படத்தில் வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம் என்பார் கூற்றை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கலைக்கு உயிர் உண்மையே என்பர். சிறுவனுக்கு உடலில் ஒரு கீறலும் இல்லை; ஒரு நாழிகையில் அழுகை ஓய்ந்துவிடும்; நாளை அவனே அக்காட்சியைக் கண்டு சிரிப்பான்; பார்ப்போர் ஆயிரவர் அடையும் இன்பத்திற்காக ஒருவன் ஒரு நாழிகை அஞ்சியதில் குறை என்ன என்று வினவுவர். இவ்வாதத்திற்கு மறுமொழி கூறுமுன், அச்சம் என்பது என்ன என்று ஆராய்தல் வேண்டும்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறார். அவற்றுள் அச்சம் ஒன்று. அது நான்கு பொருள்களிலிருந்து பிறக்கும் என்பது அவர் வகுத்த முறை. அணங்கு என்பது முதலாவது. பேயும் தெய்வமும் போன்று கண்ணுக்கு அப்பாற்பட்ட ஆற்றல் அது. இரண்டாவது விலங்கு. மூன்றாவது கள்வர். நான்காவது இறை, அதாவது தன்னை ஆளும் தலைவன். பேயையும் புலியையும் கொள்ளையனையும் எண்ணியவர், அவற்றோடு ஒரே வரிசையில் ஆள்வோனையும் வைத்தார். அந்நான்காவது இல்லையேல் அச்சத்தின் கணக்கு நிறைவு பெறாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

மலேசியத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ் மக்களுக்கு இந்நான்கும் ஏட்டில் படித்தவை அல்ல, வாழ்ந்து கண்டவை. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டச் சென்றவர், ஆற்றோரத்து முனிக்கு அஞ்சினர். காட்டோரத்து நிரைகளில் புலிக்கும் யானைக்கும் பாம்புக்கும் அஞ்சினர். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் துப்பாக்கி தாங்கி இரவில் வருவோர்க்கு அஞ்சினர். இவை யாவற்றிற்கும் மேலாக, பெரட்டுக் களத்தில் பெயர் அழைக்கும் கங்காணிக்கும், அவருக்கு மேலிருந்த கிராணிக்கும், எல்லார்க்கும் மேலிருந்த துரைக்கும் அஞ்சினர்.

எனினும் மாலையில் லயத்துத் திண்ணையில் பாட்டிமார் கூறிய கதைகளுள் முனியின் கதையே மிகுதி. துரையின் சினத்தைக் கதையாக்கிப் பிள்ளைகளை மகிழ்வித்தவர் அரியர். ஏன்? முனியின் கதையைக் கூறும்போது பாட்டியும் பிள்ளையும் ஒரே பக்கத்தில் அமர்ந்திருந்தனர். கதை முற்றும் கட்டத்தில் பிள்ளை நடுங்கினால், பாட்டியின் கை அதன் தலைமேல் இருந்தது. ‘போதும் பாட்டி’ என்றால் கதை நின்றது. மறுநாள் ‘அதையே சொல்லுங்கள்’ என்றால் மீண்டும் தொடங்கியது. துரையிடம் அஞ்சிய அச்சத்திற்கோ தலைமேல் கை இல்லை. ‘போதும்’ என்று கூறும் உரிமையும் இல்லை.

அச்சத்தின் இரு வகைகள் இங்கே புலனாகின்றன. ஒன்று பகிர்ந்துகொள்ளும் அச்சம். மற்றொன்று திணிக்கப்படும் அச்சம். முன்னதில் அஞ்சுவோன் தானே வாயிலைத் திறந்து உள்ளே வருகிறான், வேண்டும்போது வெளியேறுகிறான். பின்னதில் அவனை வெளியிலிருந்து பூட்டிவிடுகின்றனர். காசு கொடுத்துப் பேய்ப்படம் பார்ப்போன் பெறுவது முன்னது. ஆதலின்தான் அவன் அதை இன்பம் என்கிறான். அலமாரியைத் திறந்த சிறுவன் பெற்றதோ பின்னது. அவன் கண்டது பேயை எனினும், அவனை அஞ்சுவித்தது அணங்கு அன்று, இறை. தன்மேல் அதிகாரம் உடைய ஒருவன், தன் நம்பிக்கையைப் பயன்படுத்தித் தன்னை ஏமாற்றினான் என்பதே அவன் அழுகையின் அடிப்பகுதியில் கிடப்பது.

திரைப்பட உலகில் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. ‘தி பிளேர் விட்ச் புராஜெக்ட்’ என்னும் அமெரிக்கப் படம் 1999-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதை இயக்கிய டேனியல் மைரிக்கும் எடுவார்டோ சாஞ்செஸும் மத்திய புளோரிடா பல்கலைக்கழகத்தில் திரைக்கலை பயின்றபோது நண்பரானவர்கள். படத்தின் கதையும் மாணவர் படம் பற்றியதே. சூனியக்காரி ஒருத்தியைப் பற்றிச் செய்திப்படம் எடுக்க மேரிலாந்துக் காட்டிற்குள் சென்ற மூன்று மாணவர்கள் காணாமற்போகின்றனர்; அவர்கள் எடுத்த படச்சுருள் மட்டும் பின்னர்க் கிடைக்கிறது. அச்சுருளே இப்படம் என்பது கற்பனை.

1997-ஆம் ஆண்டு அக்டோபரில், எட்டு நாள்களில் படப்பிடிப்பு முடிந்தது. நடிகர் மூவரே கருவிகளைச் சுமந்து ஒருவரையொருவர் படம் பிடித்தனர். எழுதிவைத்த உரையாடல் இல்லை. அன்றன்று செய்ய வேண்டியவை பற்றிய குறிப்புகளைச் சிறு குப்பிகளில் இட்டு, குறிப்பிட்ட இடங்களில் வைத்தனர் இயக்குநர்கள். நாள் செல்லச் செல்ல உணவின் அளவைக் குறைத்தனர், இரவில் கூடாரத்தைச் சுற்றி ஓசை எழுப்பினர், கூடாரத்தையே உலுக்கினர். திரையில் காணும் களைப்பும் எரிச்சலும் பெரும்பகுதி உண்மையானவை.

இது அலமாரிச் சிறுவனின் கதையினின்றும் எவ்வாறு வேறுபடுகிறது? மூவரும் வளர்ந்தவர், காட்டில் தொல்லை தரப்படும் என்பதை முன்னரே அறிந்து இசைந்தவர். நடிப்பை நிறுத்த வேண்டுமானால் கூறுவதற்கு ஒரு குறிப்புச் சொல்லும் அவர்களுக்கு இருந்தது. பாட்டியின் கதையில் ‘போதும்’ என்ற சொல்லுக்கு இருந்த ஆற்றல் அக்குறிப்புச் சொல்லுக்கும் இருந்தது. ஆதலின் காட்டில் நிகழ்ந்தது கடுமையானது எனினும் அறத்திற்குப் புறம்பானது என்று முடிவு கூறிவிட இயலாது.

காட்டைவிட்டு வெளியே வந்த பின் நிகழ்ந்ததே எண்ணத் தக்கது. படத்தில் நடிகர்கள் தம் சொந்தப் பெயர்களையே தாங்கியிருந்தனர். அவர்கள் உண்மையிலேயே காணாமற்போயினர் என்று மக்கள் நம்பும் வகையில் விளம்பரம் செய்யப்பட்டது. தேடுதல் அறிவிப்புகளும் ஒட்டப்பட்டன. நடிகையின் தாய்க்கு இரங்கல் மடல்கள் வந்தன. உயிரோடு இருக்கும் மகளுக்காக ஒரு தாய் இரங்கல் மடல் பெற்றாள்! சில பல்லாயிரம் டாலர் செலவில் படம்பிடிக்கப்பட்ட அப்படம் உலகெங்கும் 240 மில்லியன் அமெரிக்க டாலருக்கு மேல் ஈட்டியது. அவ்வருவாயில் தமக்குரிய பங்கு வேண்டி அம்மூவரும் 2024-ஆம் ஆண்டில் வெளிப்படையாக மடல் எழுத நேர்ந்தது. எட்டு நாள் அச்சத்திற்கு அவர்கள் இசைந்திருந்தனர். தம் பெயரும் முகமும் தம் கையைவிட்டுப் போய்விடும் நெடிய இழப்புக்கோ அவர்கள் இசைந்தவர் அல்லர். ஒன்றுக்குத் தந்த இசைவை மற்றொன்றுக்கும் நீட்டிக்கொள்வது அறம் அன்று. மாணவர் பேய்ப்படத்திலிருந்து கற்க வேண்டிய முதற்பாடம் இதுவே எனலாம்.

இசைவு தர இயலாதவர் சிறுவர் என்பது இரண்டாம் பாடம். 1982-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள் பின்னிரவில், கலிபோர்னியாவில் ‘டுவிலைட் சோன்’ என்னும் விந்தைக்கதைப் படத்தின் படப்பிடிப்பில், வெடிகளுக்கு இடையே தாழப் பறந்த ஹெலிகாப்டர் நிலைகுலைந்து வீழ்ந்தது. விக் மாரோ என்ற நடிகரும், ஆறும் ஏழும் வயதுடைய இரு குழந்தைகளும் மாண்டனர். குழந்தைகளை அந்நேரத்தில் நடிக்கவைக்கச் சட்டம் இடந்தரவில்லை. உரிய அனுமதியும் பெறப்படவில்லை. 1987-இல் நீதிமன்றம் இயக்குநர் உள்ளிட்ட ஐவரையும் குற்றவாளிகள் அல்லர் என்று விடுவித்தது. நீதிமன்றம் விடுவித்தாலும் அறத்தின் வினா விடுவதில்லை. அங்கே ‘இது வேண்டாம்’ என்று தடுக்க எவரேனும் இருந்தனரா? இருந்திருப்பின் அச்சொல் எடுபட்டிருக்குமா? பெரும்படத்தில் நிகழ்ந்த இக்கொடுமைக்கும் லயத்து வீட்டு அலமாரிக்கும் அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு; ஆயினும் இரண்டிலும் முதலில் மறக்கப்படுவது ஒன்றே. காட்சி சிறக்க வேண்டும் என்ற வேட்கையில், கருவியின் எதிரே நிற்பது ஓர் உயிர் என்பது மறந்துபோகிறது.

அவ்வாறாயின், நல்ல அச்சப்படம் எடுக்க எவரையேனும் வருத்தியே தீர வேண்டுமா? இல்லை என்பதற்குத் திரைக்கலையே சான்று. 1942-இல் வால் லூட்டன் தயாரித்து, ஜாக் டூர்னர் இயக்கிய ‘கேட் பீப்பிள்’ என்னும் படம் குறைந்த செலவில் உருவானது. நீச்சற்குளக் காட்சியில் ஒருத்தி நீரில் தனித்து நிற்கிறாள், சுவரில் நிழல் அசைகிறது, உறுமல் கேட்கிறது. அச்சம் நிறைவதற்கு அவ்வளவே போதுமாயிற்று. 1975-இல் வெளிவந்த ‘ஜாஸ்’ படத்திற்காகச் செய்த பொறிச்சுறா கடல்நீரில் அடிக்கடி பழுதுற்றது. படப்பிடிப்பின்போது 27 வயதினராக இருந்த இயக்குநர் ஸ்பீல்பெர்க், சுறாவைக் காட்டாமலேயே அதன் வரவை உணர்த்தும் வழிகளைத் தேடினார். படம் பாதிக்கு மேல் ஓடிய பின்பே அதன் முழு உருவம் நன்கு தெரிகிறது. குறையே அங்கு நிறைவாயிற்று. 1960-இல் வந்த ‘சைக்கோ’ படத்தில் குருதியாய் ஓடியது சாக்லெட் பாகு என்பதும் பலர் அறிந்ததே.

இவை தொழில்நுட்பச் செய்திகள் மட்டும் அல்ல. அச்சம் எங்கே பிறக்கிறது என்பதை இவை காட்டுகின்றன. அது நடிகனின் தோலில் பிறப்பதில்லை. காண்போனின் நெஞ்சில் பிறக்கிறது. கலைஞன் தருவது சிறிது இருளும் சிறிது அமைதியும்தான். எஞ்சியதைப் பார்ப்போன் தானே படைத்துக்கொள்கிறான். ஆதலின் ‘உண்மையான அலறல் வேண்டும்’ என்று சிறுவனை ஏமாற்றிய மாணவன் அறத்தில் மட்டும் தவறவில்லை; கலையிலும் தவறினான். திறந்த கதவை மட்டும் காட்டி, சிறுவனின் கையில் இருந்த விளக்கு நடுங்குவதைக் காட்டியிருந்தாலே போதும். அதற்குச் சிந்தனை வேண்டும்; பொறுமை வேண்டும். சிந்திக்கச் சோம்பிய இடத்தில்தான் கொடுமை எளிய வழியாக வந்து நிற்கிறது. இது படப்பிடிப்புக்கு மட்டும் உரிய உண்மை அன்று.

இன்னும் ஒன்று உண்டு. பேயாகக் காட்டப்படுவது யார் என்ற வினாவும் எழுகிறது. பி. என். ராவ் இயக்கத்தில், மரியா மெனாடோ நடிப்பில், ‘பொந்தியானாக்’ என்னும் மலாய்ப் படம் 1957-இல் சிங்கப்பூரில் வெளிவந்து பெருவெற்றி பெற்றது. ராவ் கேரளத்தில் பிறந்தவர். அப்படத்தின் சுருள் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. பொந்தியானாக் பற்றிய நம்பிக்கையோ கம்பங்களிலும் நகரங்களிலும் இன்றும் வழங்குகிறது. பொந்தியானாக் யார்? மகப்பேற்றின்போது உயிர்நீத்த பெண் என்பது மரபு. மருத்துவ வசதியற்ற காலத்தில் எத்தனை வீடுகளில் அத்தகைய இறப்பு நிகழ்ந்திருக்கும்! காப்பாற்ற இயலாமற்போனவளை நினைந்து ஊரார் உற்ற துயரமும் குற்றவுணர்வும் சேர்ந்தே அவளைப் பேயாக்கின என்று கொள்ள இடமுண்டு. தமிழர் கதைகளிலும் பழிவாங்கும் பேய், பெரும்பாலும் அநீதிக்கு ஆளான பெண்ணே. பழையனூர் நீலி இதற்குச் சான்று.

இதை உணராத மாணவன், விரித்த கூந்தலும் வெள்ளைப் புடைவையும் இருந்தால் பேய் ஆகிவிடும் என்று எண்ணுகிறான். அடுத்த படிக்கு இறங்கினால், மனநலம் குன்றியவரையும், உடல் ஊனமுற்றவரையும், தெருவில் தனித்து வாழும் மூதாட்டியையும் அச்சத்தின் உருவமாக்கிவிடுகிறான். படம் பார்த்துத் திரும்பும் பிள்ளைகள் அம்மூதாட்டியின் வீட்டைக் கடக்கும்போது ஓட்டம் பிடிப்பர். படம் அரை மணியில் முடிந்துவிடும். அவள் தனிமையோ அன்றுமுதல் இன்னும் கூடிவிடும். அச்சத்தை எவர்மீது சார்த்துகிறோம் என்று எண்ணாத கலைஞன், தான் அறியாமலேயே ஒருவரை ஊருக்குப் புறம்பாக்குகிறான்.

வள்ளுவர் அச்சத்தை முற்றும் பழித்தவர் அல்லர். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவது அறிவுடையார் செயல் என்றே அவர் கருதினார். ஆனால் பிறரை அஞ்சுவித்தல் பற்றிப் பேசுமிடத்தில் அவர் குரல் கடுமையாகிறது. வெருவந்த செய்யாமை என்று ஐம்பத்தேழாம் அதிகாரத்தை வகுத்து, குடிகள் நடுங்குமாறு ஆள்பவன் விரைந்து கெடுவான் என்று எச்சரிக்கிறார். அதற்கு அடுத்த அதிகாரம் கண்ணோட்டம். அஞ்சுவித்தலை விலக்கிய உடனே, பிறரை அருளோடு நோக்கும் கண்ணைப் பற்றி அவர் பேசத் தொடங்குகிறார். கருவியின் கண் வழியே உலகைப் பார்க்கத் தொடங்கும் மாணவன் இவ்விரு அதிகாரங்களின் அடைவை எண்ணிப் பார்த்தல் தகும். கருவிக்குப் பார்வை உண்டு, கண்ணோட்டம் இல்லை. அதைத் தருவது பின்னால் நிற்பவன் பொறுப்பு.

படப்பிடிப்புக் களத்தில் இயக்குநன் ஓர் இறை. வீட்டில் தந்தை ஓர் இறை. வகுப்பறையில் ஆசிரியரும் அவ்வாறே. பிரம்பை மேசைமேல் வைத்தவுடன் வகுப்பு அமைதி அடைவதைக் கண்டு, தம் ஆற்றல் என்று மகிழ்ந்த ஆசிரியர் எத்தனையோ பேர். அவ்வமைதியும் அலமாரிச் சிறுவனின் அலறலும் ஓரினத்தவை. இரண்டும் விரைவில் கிடைக்கும். இரண்டும் உண்மையாகத் தோன்றும். இரண்டிலும் பிள்ளையின் நம்பிக்கையே விலையாகச் செலுத்தப்படுகிறது. கணக்கைத் தவறாகப் போட்டதற்கு அஞ்சும் மாணவன் அடுத்த முறை கணக்கைக் கற்கிறான். ஆசிரியருக்கு அஞ்சும் மாணவன் தவற்றை மறைக்கக் கற்கிறான். மாணவர் எடுக்கும் பேய்ப்படத்தின் அறத்தை ஆராயப் புகுந்தால், அது ஆசிரியரின் மேசை வரையில் வந்து நிற்பது இதனால்தான்.

அக்குழு இனிச் செய்யத் தக்கது என்ன? நான்காம் முறை எடுத்ததை அழித்துவிடுவதே நேரிய வழி. அழிக்குமுன் சிறுவனிடம் நடந்ததை மறைக்காமல் கூறி, அண்ணன் மன்னிப்புக் கேட்க வேண்டும். கரி பூசியவன் வெளியே வந்து தன் முகத்தைக் கழுவிக் காட்ட வேண்டும். பின்னர், சிறுவன் விரும்பினால், அவனையே முதலில் அலமாரிக்குள் ஒளியவிட்டு, இயக்குநன் கதவைத் திறக்கலாம். அஞ்சுவிப்பவனாகவும் அஞ்சுபவனாகவும் மாறி மாறி நின்று பார்த்தபின் ஐந்தாம் முறை எடுக்கலாம். அவன் வேண்டாம் என்றால், அவனின்றியே கதையை மாற்றி எழுதலாம். ஐந்தாம் முறை வரும் அலறல் நான்காவதைப்போல் இராது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். போட்டியில் பரிசு தவறிப்போகலாம். அவ்விழப்பை இல்லை என்று மறைப்பதும் ஒரு பொய்யே. அறம் எப்போதும் இலாபத்தில் முடியும் என்று பிள்ளைகளுக்குக் கற்பித்தால், நட்டம் வரும் முதல் நாளிலேயே அவர்கள் அதைக் கைவிட்டுவிடுவர்.

எனினும் படம் முடிந்து, விளக்குகள் அணைந்து, முக்காலியை மடித்துக்கொண்டு அக்குழு இருட்டில் தோட்டத்துச் சாலை வழியே வீடு திரும்ப வேண்டும். செம்பனை மட்டைகள் காற்றில் உரசும். எங்கோ நாய் ஊளையிடும். அவ்வேளையில் ஒன்பது வயதுச் சிறுவன் யார் கையைப் பற்றிக்கொள்வான் என்பதே வினா. அண்ணனின் கையை அவன் தயங்காமல் பற்றுவானாயின், அக்குழு எடுத்தது நல்ல படம்.